அடமானப் பத்திரமும் ஒரு வேதமும்

உங்களுக்கு 46 வயசு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் நல்ல பெயர். பாடுபட்டுத் திருத்திய நிலம் இருக்கிறது, சோற்றுக்குக் கவலை இல்லை. உங்கள் வட்டாரத்திலேயே 23 வயசுப் பையன் ஒருவன், பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் ஒதுங்காதவன், ஒரு கட்டுக் காகிதத்தைக் காட்டுகிறான். 'இது கடவுள் கொடுத்தது. அச்சுப் போட வேண்டும். பிரஸ்காரர் 3,000 டாலர் கேட்கிறார்' என்கிறான்.

நிலத்தை அடமானம் வைப்பீர்களா?

மார்ட்டின் ஹாரிஸ் வைத்தார். 1829-ம் வருடம், ஆகஸ்ட் 25-ம் தேதி. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பால்மைரா என்கிற சின்ன ஊரில், அச்சகம் நடத்திக்கொண்டிருந்த எக்பர்ட் கிராண்டின் என்பவருக்கு எழுதிக் கொடுத்தார். பதினெட்டு மாதத்துக்குள் பணம் வராவிட்டால் நிலம் போகும். அந்தப் பையனின் பெயர் ஜோசப் ஸ்மித். 1830 மார்ச்சில் வெளிவந்த அந்தப் புத்தகம்தான் மார்மன் புத்தகம்.

நான் பி.காம். படித்தவன். மதங்களின் கதையைப் படிக்கும்போதுகூட என் கண் முதலில் போவது 'இதற்கெல்லாம் யார் பணம் போட்டது?' என்ற கேள்விக்குத்தான். புத்தி அப்படி. மார்மன் புத்தகத்தைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த அடமானப் பத்திரத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு கேள்வி அதில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நாம் உயிருக்கு உயிராக நம்பும் ஒன்றை இன்னொருவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அப்போது அவருக்கு நாம் எவ்வளவு சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்? நல்லதை மட்டுமா? எல்லாவற்றையுமா?

முதலில் கதை. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மொரோனி என்கிற தேவதூதர் 1823-ல் தனக்குத் தோன்றியதாகவும், ஒரு குன்றில் புதைந்திருந்த பொன் தகடுகளை 1827-ல் தன்னிடம் ஒப்படைத்ததாகவும் ஸ்மித் சொன்னார். தகடுகளில் இருந்தது ஒரு குடும்பத்தின் வரலாறு. கி.மு. 600 வாக்கில் லேகி என்பவர் மனைவி மக்களோடு எருசலேமை விட்டுக் கிளம்புகிறார். கப்பல் கட்டி, கடல் கடந்து, அமெரிக்கக் கண்டத்தில் கரையேறுகிறார்கள். அண்ணன் தம்பிகளுக்குள் பிரிவினை. நேபி வழி வந்தவர்கள் ஒரு இனம், லாமான் வழி வந்தவர்கள் இன்னொரு இனம். ஆயிரம் வருடச் சண்டை. நடுவே உயிர்த்தெழுந்த இயேசு அமெரிக்காவுக்கே வந்து போதிக்கிறார். கடைசியில் நேபியர்கள் பூண்டோடு அழிகிறார்கள். அழிவைக் கண்ணால் பார்த்த மார்மன் என்கிற படைத்தலைவர் எல்லா ஏடுகளையும் சுருக்கி எழுதி வைக்க, அவர் மகன் மொரோனி அதை மண்ணில் புதைக்கிறார். அதே மொரோனிதான் பிறகு தேவதூதராக வந்தது.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கதையை யோசித்துப் பாருங்கள், எல்லாம் முடிந்துபோன பிறகு, படிக்க ஆளே இல்லாத ஊரில், என்றோ ஒருநாள் யாரோ படிப்பார்கள் என்று எழுதிப் புதைக்கிற ஒருவன். எழுதுகிறவர்கள் யாருக்கும் வயிற்றைப் பிசையும்.

ஹாரிஸைச் சும்மா சொல்லக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட ஆள் இல்லை அவர். தகடுகளிலிருந்து எழுதி எடுத்ததாகச் சொல்லப்பட்ட சில எழுத்துக்களைத் தூக்கிக்கொண்டு 1828-ல் நியூயார்க் நகரத்துக்கே போனார். கொலம்பியா கல்லூரியில் சார்லஸ் ஆன்தன் என்ற மொழிப் பேராசிரியரைப் பார்த்தார். சொத்து வாங்குவதற்கு முன் வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டுவோமே, அதேதான். வக்கீல் என்ன சொன்னார்? 'எழுத்துக்கள் அசல்தான் என்று முதலில் எழுதிக் கொடுத்தார், தேவதூதர் விஷயத்தைச் சொன்னதும் கிழித்துப் போட்டுவிட்டார்' என்பது ஹாரிஸ் தரப்பு. 'இது மோசடி, ஏமாந்து போகாதே என்றுதான் சொன்னேன்' என்பது ஆன்தன் பிற்பாடு கடிதத்தில் எழுதியது. ஒரே அறை, இரண்டே பேர், இரண்டு கதை.

ஹாரிஸ் ஊர் திரும்பி எழுத்தர் வேலையில் உட்கார்ந்தார். ஸ்மித் சொல்லச் சொல்ல எழுதினார். வீட்டில் மனைவி லூசி ஹாரிஸ் கொதித்துக்கொண்டிருந்தார். அவரைச் சமாதானப்படுத்துவதற்காக, எழுதி முடித்த 116 பக்கங்களைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார் ஹாரிஸ். பக்கங்கள் காணாமல் போயின. இன்றுவரை கிடைக்கவில்லை. லூசிதான் எடுத்தார் என்று அன்றும் பேச்சு, இன்றும் பேச்சு. நிரூபணம் கிடையாது. அந்தப் பகுதியை ஸ்மித் திரும்ப மொழிபெயர்க்கவும் இல்லை. தொலைந்ததை வைத்திருப்பவர்கள் அதைத் திருத்தி, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று மாட்டிவிடுவார்கள் என்று காரணம் சொன்னார். சந்தேகப்படுகிறவர்களுக்கு அது வேறு காரணமாகத் தெரிந்தது. உங்களுக்கு எப்படித் தெரிகிறதோ, அப்படி!

இதற்குப் பிறகும் அடமானம் வைத்தார் என்றால் பாருங்கள்.

5,000 பிரதிகள். விலை முதலில் ஒரு டாலர் 75 சென்ட் என்று வைத்து, பிறகு ஒன்றேகால் டாலராகக் குறைத்தார்கள். பால்மைராக்காரர்கள் கூட்டம் போட்டு, இந்தப் புத்தகத்தை யாரும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். புத்தகம் போணியாகவில்லை. 1831-ல் ஹாரிஸ் 151 ஏக்கரை விற்று பிரஸ்காரர் கணக்கைத் தீர்த்தார். லூசி அவரோடு ஒஹையோவுக்குப் போகவில்லை. குடும்பம் அத்தோடு இரண்டாகிவிட்டது.

பகிர்ந்துகொள்வது என்று சொல்கிறோமே, இந்தக் கதையில் பகிர்ந்துகொள்ளப்பட்ட முதல் விஷயம் நஷ்டம்தான்.

அந்தப் பிரதிகளைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போன முதல் ஆள் ஜோசப்பின் தம்பி சாமுவேல் ஸ்மித். 22 வயசு. முதுகில் மூட்டை. வாசல் வாசலாகத் துரத்தினார்கள். ஒரு சத்திரக்காரர் வெளியே போ என்று சொல்ல, அன்றிரவு ஆப்பிள் மரத்தடியில் படுத்தார் என்று அவர் அம்மா எழுதி வைத்திருக்கிறார். விற்பனைக் கணக்கு என்று பார்த்தால் படுதோல்வி. அவர் விற்ற ஒரு பிரதி ஃபினியஸ் யங் என்பவர் கைக்குப் போயிற்று. அவர் வழியாக அது அந்தக் குடும்பத்துக்குள் சுற்றி, தம்பி பிரிகாம் யங் கைக்கு வந்தது. தச்சு வேலை, பெயிண்டிங், கண்ணாடி பொருத்துவது என்று பிழைத்துக்கொண்டிருந்த மனிதர். உடனே விழுந்துவிடவில்லை. படித்தார். யோசித்தார். அதை நம்புகிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தார். சேர்ந்தது 1832 ஏப்ரலில். கிட்டத்தட்ட இரண்டு வருடம்! பிற்பாடு ஸ்மித் கொல்லப்பட்ட பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்களை யூட்டா பாலைவனத்துக்கு நடத்திக்கொண்டு போனவர் இவர்தான்.

அந்த இரண்டு வருடம் எனக்குப் பிடித்திருக்கிறது. யாரும் அவரிடம் 'இன்னும் முடிவு பண்ணலையா?' என்று தினமும் வந்து நிற்கவில்லை.

இன்று நிலைமை வேறு. 1 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். புத்தகம் 2011-லேயே 15 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. நூறுக்கும் மேற்பட்ட மொழிகள், தமிழ் உட்பட. 70,000-க்கும் மேற்பட்ட முழுநேர ஊழியர்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, இரண்டிரண்டு பேராக நடக்கிற பையன்களை ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பெண்களும் போகிறார்கள். 2012-ல் பையன்களுக்கான வயதை 19-லிருந்து 18 ஆக்கினார்கள். பெயர்ப்பட்டையில் 'எல்டர்' என்று போட்டிருக்கும். மூப்பர் என்று அர்த்தம். மீசை முளைக்காத மூப்பர்!

இவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்பது தெரியுமா? குடும்பம்தான் பணம் கட்ட வேண்டும். அமெரிக்கா மாதிரி நாடுகளிலிருந்து போகிறவர்களுக்கு மாதம் 400 டாலராக இருந்ததை 2020 ஜூலையிலிருந்து 500 ஆக்கினார்கள். ஆண்களுக்கு 24 மாதம். ஆக 12,000 டாலர். 2019 பிப்ரவரி வரை வீட்டோடு பேசுவதே கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான். பிறகுதான் வாரா வாரம் பேசலாம் என்று தளர்த்தினார்கள். பதினெட்டு வயசில் நாமெல்லாம் எந்தத் தியேட்டரில் எந்தப் படம் என்று அலைந்துகொண்டிருந்தபோது என்ன தியாகம் செய்தோம்? அதனால் கதவைத் தட்டுகிற பையனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வராது.

சிரித்தவர்கள் இருக்கிறார்கள். 2011 மார்ச்சில் நியூயார்க் பிராட்வேயில் அந்தப் புத்தகத்தின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு இசை நாடகம் வந்தது. 'சவுத் பார்க்' கார்ட்டூன் போட்ட இருவரும் ராபர்ட் லோபஸும் சேர்ந்து செய்தது. கதவு தட்டும் பையன்களை வைத்து நக்கலோ நக்கல். ஒன்பது டோனி விருது. நம்மூராக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். திருச்சபை என்ன செய்தது? நாடகம் ஒரு மாலைப்பொழுதை இன்பமாக்கலாம், புத்தகமோ வாழ்க்கையை மாற்றும் என்ற பொருளில் சின்னதாக ஓர் அறிக்கை. அத்தோடு விடவில்லை. நாடகம் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கையேட்டிலேயே காசு கட்டி விளம்பரம் போட்டது. நாடகம் பார்த்தாச்சு இல்லையா, புத்தகத்தையும் படியுங்கள் என்று!

அடடா, என்ன சாமர்த்தியம் என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. மார்க்கெட்டிங் வகுப்பில் பாடமாகவே வைக்கலாம். ஆனால் கேலி வெளியிலிருந்து வந்தது. அதைத் தாங்குவது சுலபம். அதே வருடங்களில் வீட்டுக்குள்ளிருந்தே ஒரு கேள்வி வந்தது. அதற்கு விளம்பரம் பதில் ஆகாது.

அதைச் சொல்வதற்கு முன்னால் கல்லூரிக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம்.

மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர். பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் 'கேவியட் எம்ப்டார்' என்று ஒரு லத்தீன் சொற்றொடர். வாங்குபவரே, உஷார். கத்தரிக்காயில் சொத்தை இருந்தால் பார்த்து வாங்க வேண்டியது உங்கள் பொறுப்பு. விற்பவன் சொல்லக் கடமை இல்லை. 1930-ம் வருடத்து சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே, சில விதிவிலக்குகளோடு, இந்தக் கொள்கை இருக்கிறது. அதே பேப்பரில் இதற்கு நேர் எதிராக இன்னொன்று. 'யூபெரிமா ஃபிடெய்'. உச்சபட்ச நல்லெண்ணம். இன்ஷூரன்ஸ் ஒப்பந்தம் இந்த வகை. இங்கே விஷயம் யாருக்குத் தெரியுமோ அவர் சொல்லியாக வேண்டும். அடுத்தவர் கேட்கவில்லையே என்பது சாக்கு ஆகாது. முக்கியமான உண்மையை மறைத்தால் ஒப்பந்தமே ஆட்டம் கண்டுவிடும். ஏன் இந்த வித்தியாசம்? கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கலாம். இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரிய வழியே இல்லை. அதோடு பந்தம் இருபது, முப்பது வருடத்துக்கு.

என் சித்தப்பா ஒருவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். பாலிசி பேசப் போனால் பாதியில் அவரே சொல்வார். 'இதப் பாருப்பா, பேங்க்ல போட்டா இதைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும். ஆனா நாளைக்கே நீ போயிட்டேன்னா, பேங்க் உன் பொண்டாட்டிக்கு நீ போட்டதை மட்டும்தான் தரும்.' சித்தி தலையில் அடித்துக்கொள்வார். முதல் பாதியைக் கேட்டதுமே எழுந்து போனவர்கள் உண்டு. ஆனால் கையெழுத்துப் போட்டவர்கள் நடுவில் பிரீமியத்தை நிறுத்தியதாக அவர் சொல்லிக் கேட்டதில்லை.

மதம் எந்த வகை ஒப்பந்தம்? கத்தரிக்காயா, இன்ஷூரன்ஸா?

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஸ்மித் எப்படி மொழிபெயர்த்தார்? திருச்சபைப் படங்களில் பல காலமாக அவர் மேஜையில் பொன் தகட்டை வைத்து, விரலால் தடவிப் படிப்பது போல் வரைந்திருப்பார்கள். ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், அவர் மனைவி எம்மா உட்பட, வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்கள். ஒரு சின்னக் கல்லைத் தொப்பிக்குள் போட்டு, தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொல்வார், தகடு துணியில் சுற்றி ஓரமாக இருக்கும் என்று. சரித்திரம் படித்தவர்களுக்கு இது பழைய சேதி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் சாதாரண ஜனங்களில் ரொம்பப் பேருக்குத் தெரியாது. இன்டர்நெட் வந்தது. ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒருத்தர் இதைப் படிக்கிறார். இரண்டு வருடம் கதவு தட்டியவர். தட்டிய வாசல்களில் எல்லாம் அந்தப் படத்தைக் காட்டியவர்.

அவருக்கு அதிர்ச்சி கல்லைப் பற்றியது இல்லை. 'ஏன் என்கிட்ட சொல்லலை?' என்பதுதான்.

ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்ஸ் மாட்சன், ஐரோப்பாவில் திருச்சபையின் உயர்பொறுப்பில் இருந்தவர். 2013 ஜூலையில் நியூயார்க் டைம்ஸில் அவர் கதை வந்தது. உறுப்பினர்கள் இந்த மாதிரி கேள்விகளோடு தன்னிடம் வந்ததாகவும், பதில் தேடப்போய்த் தன் நம்பிக்கையே ஆடிவிட்டதாகவும் சொன்னார். அந்த வருடக் கடைசியிலிருந்து திருச்சபையே தன் அதிகாரபூர்வத் தளத்தில் கட்டுரைகள் போட ஆரம்பித்தது. தொப்பியும் கல்லும் உண்டு என்று ஒரு கட்டுரை. கறுப்பினத்தவருக்கு 1978 வரை குருத்துவம் மறுக்கப்பட்டது பற்றி ஒன்று. ஸ்மித்தின் பலதார மணம் பற்றி ஒன்று. 2015-ல் அந்தக் கல்லின் புகைப்படத்தையே வெளியிட்டார்கள். முட்டை வடிவத்தில் ஒரு பழுப்புக் கல்.

பாராட்ட வேண்டும். 180 வருடம் கழித்து என்றாலும்.

நம்மூரில் ஒரு பழமொழி உண்டு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று. அது பொய் இல்லை, 'போய்'; ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லி என்பதுதான் நாளடைவில் மருவிவிட்டது என்று விளக்கம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எது சரியோ தெரியாது. ஆனால் மதத்தைப் பரப்பப் புறப்படுகிற ஒவ்வொருவரும் இந்தப் புள்ளி ஒன்றில்தான் நிற்கிறார்கள். ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லலாம். பொய் எங்கே ஆரம்பிக்கிறது? சொல்லாமல் விட்டது பொய் ஆகுமா? பெண்ணுக்கு ஒரு காது கேட்காது என்பதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை என்றால்?

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. நம்புகிறவருக்கு அந்தக் கல் குறையே இல்லை. கடவுள் தகட்டின் மூலம் பேசலாம் என்றால் கல்லின் மூலம் ஏன் பேசக்கூடாது? வந்தவரிடம் எடுத்த எடுப்பில் இதையா சொல்வார்கள்? நாமும் நம் சாமியை அறிமுகப்படுத்தும்போது ஸ்தல புராணத்தின் இடறலான பக்கத்திலிருந்தா ஆரம்பிக்கிறோம்? சரிதான். முதல் நாளே சொல்லத் தேவையில்லை. ஆனால் கையெழுத்துக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். ஞானஸ்நானம் என்பது பதினெட்டு மாத அடமானம் இல்லை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, வாரத்தில் ஒருநாள், காபி டீ கிடையாது, பிள்ளைகளை வளர்க்கும் விதம், கல்யாணம், சாவு எல்லாம் அதற்குள் வந்துவிடும். இன்ஷூரன்ஸைவிட நீளமான பந்தம்.

புத்தகத்தின் தரப்பில் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்கள் மறைத்தாலும் புத்தகம் மறைக்கவில்லை. ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. ஏடுகளை எடுத்துவர எருசலேமுக்குத் திரும்பும் நேபி, அவற்றை வைத்திருக்கும் லாபான் குடித்துவிட்டு நினைவில்லாமல் தெருவில் கிடப்பதைப் பார்க்கிறான். கொல் என்கிறது ஆவி. நேபி தயங்குகிறான். ஒரு இனமே வேதம் இல்லாமல் அழிவதைவிட ஒருவன் சாவது மேல் என்ற நியாயம் சொல்லப்படுகிறது. அவன் வாளாலேயே அவனை வெட்டுகிறான். இலவசமாகக் கொடுத்த புத்தகத்தைப் பிரிக்கிறவர் முதல் இருபது பக்கத்துக்குள் இங்கே வந்துவிடுவார். இதை இந்தக் காலத்து ஆளுக்கு எப்படி விளக்குவது என்று நம்புகிறவர்களே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். செய்திக்காக ஒரு மனிதனைக் கொல்லலாமா? எனக்கு என் பதில் தெரியும். நேபிக்கும் ஒரு நிமிஷம் அந்தப் பதில்தான் தெரிந்தது, தயங்கினானே!

இன்னொரு இடம், தோலின் நிறம். லாமானியர்கள் சாபத்தால் கறுத்தார்கள் என்று வருகிற வசனங்கள் இன்றும் இருக்கின்றன. 'வெள்ளை' என்று வந்த ஓர் இடத்தை 'தூய' என்று ஸ்மித் காலத்திலேயே, 1840 பதிப்பில், மாற்றினார்கள். பிற்பாடு பழையபடி 'வெள்ளை' ஆகி, 1981-ல் மறுபடி 'தூய' ஆயிற்று. அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு லாமானியர்களே முதன்மையான மூதாதையர் என்று 1981-ல் எழுதிய முன்னுரை வாசகமும், மூதாதையரில் அவர்களும் உண்டு என்கிற அளவுக்கு 2006 பதிப்பில் இறங்கி வந்தது. மரபணு ஆராய்ச்சி ஆசியாவைக் கைகாட்டியதுதான் பின்னணி. மாற்றியதைக் குற்றம் சொல்ல மாட்டேன். இனிஷியல் போடாமல் பத்திரத்தில் அடித்துத் திருத்தியதைத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் இந்தக் காலத்து மனிதனுக்குச் சொல்ல அதில் என்னதான் இருக்கிறது? இருக்கிறது. பெஞ்சமின் என்று ஒரு ராஜா. கோபுரம் கட்டி அதன்மேல் நின்று ஜனங்களிடம் பேசுகிறார். நான் ராஜாவாக இருந்தும் என் கையால் உழைத்துச் சாப்பிட்டேன், உங்கள் மேல் வரிச்சுமை ஏற்றவில்லை என்கிறார். பிறகு பிச்சை கேட்பவனைப் பற்றிச் சொல்கிறார். அவன் கஷ்டம் அவனே தேடிக்கொண்டது என்று காரணம் சொல்லிக் கையை இழுத்துக்கொள்ளாதே, கடவுள் முன்னால் நீயும் பிச்சைக்காரன்தானே என்று. சிக்னலில் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு 'இவங்களுக்குக் கொடுத்தா கெட்டுப் போயிடுவாங்க' என்று சொல்லியிருக்கிறேன், பலமுறை. இதைப் படித்த பிறகு அந்த வாக்கியம் தொண்டையில் நிற்கிறது. எழுதியது பழங்கால ராஜாவோ, பால்மைராப் பையனோ, எனக்குக் குத்தியது குத்தியதுதான்.

இதைச் சொல்லி ஒருவர் என் கதவைத் தட்டினால் திறப்பேன்.

திறந்த பிறகு அவர்கள் கடைசியாகக் கேட்பது ஒன்றுதான். புத்தகத்தின் முடிவில் மொரோனி சொல்வது. படி, உண்மையான மனசோடு கடவுளிடம் கேள், இது உண்மையா என்று அவரே தெரிவிப்பார். 'நாங்கள் சொல்வதை நம்பாதே, நீயே சோதித்துப் பார்' என்பது எவ்வளவு பெரிய மனசு! ஆனால் அதில் ஒரு சிக்கல். கேட்டுப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை என்று ஒருவர் சொன்னால்? இன்னும் உண்மையாகக் கேள், இன்னும் படி என்று பதில் வந்தால், அது பாஸ் ஆகும்வரை அரியர் எழுதச் சொல்கிற பரீட்சை. ஃபெயிலுக்கும் ஒரு மதிப்பு இருந்தால்தானே பாஸுக்கு மதிப்பு? 'இல்லை' என்று சொன்னவரோடு அடுத்த நாளும் அதே சிநேகத்தோடு பேச முடிகிறதா என்பதுதான் எனக்குப் பரீட்சை. எழுத வேண்டியவர் கதவைத் தட்டியவர்.

மார்ட்டின் ஹாரிஸுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே. தகடுகளைத் தேவதூதர் காட்டக் கண்டோம் என்று சாட்சி சொன்ன மூவரில் அவர் ஒருவர். 1837-ல் திருச்சபையோடு சண்டை வந்து வெளியேற்றப்பட்டார். வேறு குழுக்களில் எல்லாம் போய்ப் பார்த்தார். சாட்சியை மட்டும் வாபஸ் வாங்கவே இல்லை. 1870-ல், 87 வயசில், ரயிலேறி யூட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அப்போது தலைவராக இருந்தது, அவர் நிலத்தை விற்று அச்சடித்த புத்தகத்தை இரண்டு வருடம் வைத்துப் படித்த அதே பிரிகாம் யங். 1875-ல் இறக்கும்வரை, கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார் ஹாரிஸ்.

லூசி 1836-லேயே போய்விட்டார். அவருக்கும் ஒரு வாக்குமூலம் இருக்கிறது. 1833-ல் கொடுத்தது, மறு வருடம் மார்மன்களுக்கு எதிரான ஒரு புத்தகத்தில் அச்சானது. புருஷன் தன்னை அடித்தார் என்கிறார். 'பொய்யாகவே இருந்தால்தான் என்ன, என்னை விட்டால் இதில் பணம் பண்ணுவேன்' என்று சொன்னதாகவும் சொல்கிறார். வாங்கியவர் எதிரி, கொடுத்தவர் வெந்துபோன மனைவி, எடை போட்டுத்தான் படிக்க வேண்டும். பணம் பண்ண நினைத்தவர் 151 ஏக்கரை இழந்த பிறகும் நாற்பது வருடம் அதையே ஏன் சொல்லிக்கொண்டிருந்தார் என்ற கேள்விக்கு அதில் பதிலும் இல்லை. ஆனாலும் அந்த நிலத்தில் அவர் வாழ்க்கையும் இருந்தது.

மார்ட்டினின் சாட்சி ஒவ்வொரு மார்மன் புத்தகத்தின் முன்பக்கங்களிலும் அச்சாகிறது. லூசியுடையதைத் தேடித்தான் படிக்க வேண்டும்.

என்றைக்காவது அந்த மீசை முளைக்காத மூப்பர்கள் இருவர் என் வீட்டுக்கு வந்தால் காபி கொடுக்க முடியாது. மோர் கொடுத்து, ஃபேனைப் போட்டு உட்காரவைத்து, பெஞ்சமின் ராஜாவைப் பற்றி அவர்கள் சொல்வதை முழுசாகக் கேட்பேன். பிறகு லூசி ஹாரிஸைப் பற்றி ஏதாவது தெரியுமா தம்பி என்று கேட்பேன்.